பத்து விரல்

எண்ணூர் சாலையில் புதிதாகத் திறந்த காபிக் கடையின் வேலியில் நேற்று கை வைத்தேன். ரீப்பர் கட்டைகளைக் கம்பியால் பின்னிய வேலி. பச்சை மரமும் எண்ணெய்க் கம்பியும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும், என்னையறியாமல் அம்மாவின் விரல்களை எண்ணத் தொடங்கிவிட்டேன்.

திருவொற்றியூரில் நாங்கள் குடியிருந்த சந்தின் ஓரத்தில் வேலிப் பட்டறை இருந்தது; இப்போது அங்கே கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. அம்மா ஒரு பக்கம் கட்டையைச் செருக, மறுபக்கம் பக்கத்து வீட்டு மேரி அக்கா பிடித்து இழுப்பாள். மிஷின் கம்பியை முறுக்குவதற்குள் இருவரும் கையை எடுத்துவிட வேண்டும். டக், கிர்ர், டக், கிர்ர் என்ற அந்தச் சத்தத்திலேயே நாங்கள் சோறு தின்றோம், பாடம் படித்தோம், சண்டை போட்டோம். சாப்பாட்டுச் சங்குக்கு முன் சத்தம் நின்றால் மட்டும் சந்தே மூச்சை அடக்கிக்கொள்ளும். உள்ளே இருப்பவர்கள் உடனே சன்னல் வழியாக இரண்டு கைகளையும் விரித்துக் காட்ட வேண்டும் என்பது வழக்கம். பெரும்பாலும் கம்பிதான் தீர்ந்திருக்கும்.

“பத்தும் கீதுடி, வூட்டுக்குப் போ” என்று அம்மா கத்துவாள்.

ஒருநாள் சன்னலில் மூன்று கைகள்தான் தெரிந்தன.

“ஐயோ, யாருக்கு இன்னாச்சு?” என்று பெண்கள் ஓடினார்கள். நான் ஓடவில்லை. பச்சை குத்திய அம்மாவின் இரண்டு கைகளையும் கண்டுபிடித்து, பத்து வரை எண்ணிச் சிரித்துவிட்டேன்.

என் தோளைப் பிடித்துக்கொண்டு மேரி அக்காவின் மகள் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தாள்.