இசைத்தட்டுக்குள் எல்லம்மாவின் நடை

தாம்பரம் கார் ஷெட்டில் சிட்டிபாபுவுக்குச் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கிற வேலை. பீச்சிலிருந்து வந்து நிற்கும் மின்ரயிலின் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு தட்டு. ‘ணங்’ என்றால் போகலாம். ‘தொட்’ என்றால் எங்கோ விரிசல். பதினாறு வருஷப் பழக்கம். ஓடி வருகிற வண்டியின் சத்தத்தைக் கேட்டே, எந்தப் பெட்டியின் சக்கரம் ஓரிடத்தில் தேய்ந்து தட்டையாகிவிட்டது என்று சொல்லிவிடுவான். அப்பேர்ப்பட்ட காது வீட்டு வாசலோடு ட்யூட்டி முடித்துக்கொள்ளும். பெண்டாட்டி கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் விழும்.

அவள் எல்லம்மா. சின்ன வயசுக் காய்ச்சலில் வலது கால் சூம்பிப் போனவள். அந்தக் காலை எடுத்துவைக்கும்போது சத்தமே இருக்காது. இடது காலில் மொத்த உடம்பும் இறங்கும்போது மட்டும் ‘தொம்’ என்று கேட்கும். சிட்டிபாபு அவளோடு எங்கே போனாலும் பத்தடி முன்னால் போவான். குன்றத்தூர் மலைப்படியில் அவள் கத்தியே விட்டாள்.

“யோவ், பின்னாடி ஒருத்தி வர்றான்னு நெனப்பு கீதா உனக்கு?”

“வா வா, முருகன் எங்கியும் ஓடிப்போயிட மாட்டாரு.”

“அவரு ஓட மாட்டாரு. நீதான் ஓடுற.”

அன்றைக்குக் கீழே இறங்கியதும் கடையில் ஒரு முருகன் பாட்டு இசைத்தட்டு வாங்கினாள். வீட்டில் ரெக்கார்டு பிளேயர் கிடையாது. மயில் படம் போட்ட அந்த உறையைச் சாமி படங்களுக்குப் பக்கத்தில் வைத்து, வெள்ளிக்கிழமைதோறும் துடைத்தாள். யாராவது சிரித்தால், “தட்டு வந்துட்ச்சி, சோறு பின்னால வரும்” என்பாள். சிட்டிபாபு “அப்பால பாத்துக்கலாம்” என்பான். நாலு வருஷம் அப்படியே போயிற்று. எண்பத்தாறு பங்குனியில் மஞ்சள் காமாலை வந்து பதினோரு நாளில் அவள் போய்விட்டாள்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள், யாரும் கேட்காமலே சிட்டிபாபு ஒரு புது ரெக்கார்டு பிளேயர் வாங்கி வந்தான். முடிச்சூர் ரோட்டில் தோத்தாத்ரி என்பவர் கடை. சிட்டிபாபுவின் தங்கை பேபி அண்ணனுக்குச் சமைத்துப் போட வந்து அங்கேயே தங்கிவிட்டவள். அவள் பெட்டியைப் பார்த்து மூக்கை உறிஞ்சினாள்.

மறுநாள் சந்தனம் குழைத்து, குங்குமத்தோடு பூஜை போட்டார்கள். மற்றவர்கள் மூடியின் மேல் பொட்டு வைத்திருப்பார்கள். சிட்டிபாபு கார் ஷெட்காரன். அங்கே ஆயுத பூஜைக்குச் சக்கரத்துக்குத்தான் பொட்டு. எனவே சுழலும் தட்டைக் கழற்றினான். அதன் விளிம்புக்கு உள்பக்கம், தட்டைச் சுற்றிவிடுகிற ரப்பர் சக்கரம் உரசி ஓடுகிற இடத்தில், கட்டைவிரலால் தாராளமாக ஒரு பொட்டு வைத்து, மறுபடி மாட்டினான்.

சந்தனம் காய்ந்த பிறகு, சாயந்தரம் எல்லம்மாவின் இசைத்தட்டு முதன்முதலாகச் சுழன்றது. நாதஸ்வரம் வந்தது. பாட்டு வந்தது. பாட்டுக்கு அடியில் ஒன்று வந்தது.

தொம்.

கொஞ்சம் இடைவெளி.

தொம்.

பேபியின் கையிலிருந்த டம்ளர் சாய்ந்து காப்பி கொட்டியது. “அண்ணா, அண்ணி நடக்குது.”

“சும்மா கிட. மெஷின் டிஃபெக்ட்டு.”

சொன்னானே தவிர, அவன் கண் சமையலறை வாசலை விட்டு நகரவில்லை. மறுநாள் பிளேயரைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனான். தோத்தாத்ரி கண்ணை மூடிக் கேட்டார்.

“ஆமா சார், ஏதோ தட்டறது. மோட்டார் ப்ராப்ளமா இருக்கும். புது பீஸ் வந்த அன்னிக்கே இப்படியா, கம்பெனிக்காரனைச் சொல்லணும். வேற பீஸ் தரேன், எடுத்துண்டு போங்கோ.”

வேறு பீஸ் வந்தது. புது மெஷின் என்றால் புதுப் பொட்டு. பூஜையில் மிஞ்சின சந்தனத்தில் நீர் விட்டுக் குழைத்து, அதே உள்விளிம்பில் அதே கட்டைவிரல்.

தொம். தொம்.

பேபி பாயைச் சுருட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் படுக்கப் போய்விட்டாள். “மெஷின மாத்துனாலும் கூடவே வருது. நீ வோணா குடும்பம் நட்த்து.”

சிட்டிபாபுவுக்கும் முதலில் பயம்தான். மூன்றாம் நாள், காலை ஷிப்ட் முடிந்து மத்தியானம் தனியாக வந்தவன், கதவைச் சாத்திவிட்டுப் பாட்டைப் போட்டான். காலடி கிட்டேயும் வரவில்லை, தூரமும் போகவில்லை. அவன் தரையில் உட்கார்ந்து, அந்த வீட்டில் ஒருநாளும் செய்யாத காரியத்தைச் செய்தான். காது கொடுத்துக் கேட்டான். நாலாம் நாளும் கேட்டான். ஐந்தாம் நாள் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, “நின்னுக்கினே கீறியே, குந்து” என்று மெதுவாகச் சொன்னான். கடைக்குப் போகிற எண்ணமே அவனுக்கு விட்டுப் போயிற்று.

பேபிக்கு அது தெரியாது. அவள் கடையில் போய்ச் சண்டை போட்டு, ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் தயாளனைக் கையோடு கூட்டி வந்தாள்.

“வோணாம்பா, வுட்டுடு. நல்லாத்தான் ஓடுது” என்றான் சிட்டிபாபு.

“இன்னா நல்லா ஓடுது? பொணம் நடக்குற மாதிரி கீது” என்றாள் பேபி.

தயாளன் அதற்குள் தட்டைக் கழற்றிக் குப்புறத் திருப்பிவிட்டான். உள்விளிம்பில் உப்பிக் காய்ந்த சந்தனமும் நடுவில் குங்குமமும், புருவ மத்தியில் வைத்தமாதிரி.

“யாருண்ணா இது, சக்கரத்துக்குள்ள பொட்டு வெச்சது? ஒவ்வொரு சுத்துக்கும் ரப்பரு இதும்மேல ஏறி எறங்குது, தட்டாம இன்னா பண்ணும்?” விழுந்து விழுந்து சிரித்தான். பேபியும் ஒரு வாரப் பயத்தையெல்லாம் சேர்த்துச் சிரித்தாள்.

சிட்டிபாபு “இருப்பா...” என்று கை நீட்டுவதற்குள், தயாளன் திருப்புளியால் சுரண்டி, ஸ்பிரிட் துணியால் துடைத்து, ஊதியும் விட்டான். பாட்டு கண்ணாடி மாதிரி வந்தது. எல்லம்மா நாலு வருஷம் காத்திருந்த பாட்டு. அதில் இப்போது அவள் இல்லை.

பேபி பாயோடு திரும்பி வந்தாள். அவள் மார்க்கெட்டுக்குப் போகிற நேரமாகப் பார்த்துச் சிட்டிபாபு சந்தனம் குழைத்தான். மெல்லிசாக வைத்தால் சத்தமே இல்லை. கெட்டியாக வைத்தால் தட்டு நின்று நின்று சுற்றி, பாடகருக்கு விக்கல் எடுத்தது. ஏழெட்டுத் தடவை பார்த்தான். ‘டப்’ வந்தது, ‘டிக்’ வந்தது. ‘தொம்’ வரவே இல்லை. கடைசியில் துணியால் துடைத்து, மூடியை மூடினான்.

அடுத்த திங்கட்கிழமை, ஆள் குறைவென்று சிட்டிபாபுவுக்கு ஓவர்டைம். சாயந்தரம் நாலு பத்துக்கு ஒரு வண்டி ஷெட்டுக்குள் நடைவேகத்தில் நுழைந்தது. சுத்தியலோடு நின்றிருந்த சிட்டிபாபு சட்டென்று தலையைத் திருப்பினான். ஐந்தாவது பெட்டி.

தொம்.

கொஞ்சம் இடைவெளி.

தொம்.

சக்கரம் ஒரு இடத்தில் தட்டை. அவனுக்குத் தெரியும். சாக்பீஸ் பையில் இருந்தது. குறி போட்டால் சக்கரத்தைக் கடைந்து வட்டமாக்கிவிடுவார்கள். போடாவிட்டால் அது ஆயிரம் பேர் ஏறுகிற பெட்டி. சக்கரத்தைக் கொஞ்ச நேரம் தொட்டுக்கொண்டு நின்றான். பிறகு பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டான்.

மேஸ்திரி சவுரிமுத்து குனிந்து அளவு பார்த்தார். “லிமிட்டுக்கு உள்ளதான் கீது. வியாழக்கிழமதான் லேத்துல எடம். அதுவரைக்கும் ஓடட்டும்.”

“தெனம் நாலு பத்துக்கா சார் இது உள்ள வருது?”

“ஆமா. ஏம்பா?”

“சும்மா.”

செவ்வாயும் புதனும் ட்யூட்டி மூன்று மணிக்கே முடிந்தும் சிட்டிபாபு வீட்டுக்குக் கிளம்பவில்லை. சுத்தியலை உள்ளே வைத்துவிட்டு, ஷெட் வாசலில் தண்டவாளத்தை ஒட்டிக் காத்திருந்தான். வண்டி வந்தது. நாலு பெட்டிகளைப் போகவிட்டான். ஐந்தாவது கிட்டே வந்ததும், அதற்கு ஒரு அடியும் முன்னால் போகாமல், பக்கத்திலேயே அதன் நடைக்கு நடந்தான், வண்டி நிற்கிற வரைக்கும்.