கட்டிலுக்குக் கீழே போன பிள்ளைகள்

சோஃபி தொலைபேசியில் பிரெஞ்சில்தான் பேசினாள். "அக்கா" என்ற ஒரு சொல் மட்டும் தமிழில் இருந்தது. ஞானம் அக்கா விடியற்காலையில் போய்விட்டார் என்று அவள் சொல்லி முடித்தபோது, நான் குளிரங்கிகூடப் போடாமல் வீட்டுக்கு வெளியே படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தேன். ஏன் வெளியே வந்தேன் என்று எனக்கே விளங்கவில்லை.

எண்பதுகளில் இங்கே கனடாவில், வில்லரேப் பகுதியில் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்கு ஓடிய உங்களில் பலருக்கு அக்காவை அறிமுகம் செய்யத் தேவையில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மட்டக்களப்பிலிருந்து அகதியாக வந்தவர். நம் பிள்ளைகளைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்தார். நான் டோர்வல் விமான நிலையத்தில் துப்புரவு வேலை செய்தேன். என் மகன் ரமணன் அவர் கையில் வளர்ந்தான். அக்கா எதைக் கண்டாலும், மட்டக்களப்புப் பேச்சின் "கா" சேர்த்து, "அது ஏன் கா அப்பிடி?" என்று கேட்பார். இந்த ஊர்க்காரர் மாடிப்படியை வீட்டுக்கு வெளியே கட்டி வைத்து, பனியில் வழுக்கி விழுவது ஏன் என்று கேட்டு என்னை ஒரு மாரிகாலம் முழுக்க அரித்தெடுத்தார்.

அக்கா வீட்டுக்கு மேல்மாடியில் லூசி என்றொரு பிரெஞ்சுக்காரி இருந்தாள். கணவன் கனடா இராணுவத்தில் சிப்பாய். முகாம் முகாமாக அலைபவன். அவளுக்கு டவுன்டவுன் உணவகமொன்றில் வேலை கிடைத்ததும், தன் மகள் சோஃபியைப் பார்க்க முடியுமா என்று அக்காவிடம் வந்து கேட்டாள். தாய்மாரான நாங்கள் அக்காவைச் சூழ்ந்துகொண்டோம்.

"ஆமிக்காரன்ர பிள்ளையோ? தேப்பன் சப்பாத்தோட வந்து நிண்டா எங்கட பிள்ளையள் என்ன செய்யும்?" என்று கேட்டேன்.

"அந்தப் புள்ள சின்னச் சப்பாத்துத்தானே கா போட்டிருக்கு" என்றார் அக்கா.

சப்பாத்தைவிடச் சட்டம் பெரிய தலையிடி. ஓர் அளவுக்குள் பிள்ளைகளைப் பார்த்தால் யாரும் கேட்க மாட்டார்கள். சோஃபி சேர்ந்தால் அளவு தாண்டிவிடும். மாகாணத்தின் அனுமதி வேண்டும், வீட்டைப் பார்க்க ஆள் வரும். வந்தவர் கூடாது என்றுவிட்டால் அந்த வீடே மூடப்படும், எங்கள் வேலையும் போய்விடும் என்று பயந்தோம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்று நான் எரிந்து விழுந்தேன். அக்கா சிரித்தார்; விண்ணப்பமும் போட்டார்.

அதிகாரி ஒரு பெண். கையில் அளவுநாடா. நடுவில் நின்று மொழிபெயர்க்க என் அரைகுறைப் பிரெஞ்சு.

"ஆமிக்காரன்ர புள்ளைக்கு வேற சட்டம் இருக்கா எண்டு கேளுங்க கா" என்றார் அக்கா.

எல்லாப் பிள்ளைக்கும் ஒரே சட்டம் என்றார் அதிகாரி. அக்கா நம்பாமல் மறுபடியும் கேட்கச் சொன்னார். அதே பதில். "புதினமான நாடுதான்!" என்று கன்னத்தில் கைவைத்தார்.

அறை, யன்னல், படிக்கதவு எல்லாம் சரி. கடைசியாக, தீப்பிடித்தால் பிள்ளைகளை எப்படி வெளியேற்றுவீர்கள், காட்டுங்கள் என்று சொல்லிப் புகைமணியை அவரே அழுத்தினார். அது அலறியது. சோஃபி கதவைத் திறந்துகொண்டு படியில் போய் நின்றாள். மற்றப் பிள்ளைகளைக் காணவில்லை. ஒரு அழுகைகூட இல்லை. அதிகாரி அறையறையாகத் தேடிக் கட்டில் விரிப்பைத் தூக்கினார். எல்லாரும் அங்கே குப்புறக் கிடந்தார்கள். ரமணன் தன்னைவிடச் சின்னவளின் வாயைப் பொத்திப் பிடித்திருந்தான். ஊரில் ஷெல் அடித்த நாட்களில் தாய்மார் நாங்கள் பழக்கியது அது.

ஏன் என்று அதிகாரி கேட்டார், சொன்னேன். தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆனால் அனுமதி தரவில்லை. "தீப்பிடித்தால் இவர்கள் செத்துப்போவார்கள். வெளியே ஓடப் பழக்குங்கள், திரும்பி வருகிறேன்" என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது.

அக்காவுக்கு வரவில்லை. "அவ சொல்றது சரிதானே கா. அங்க ஒளிச்சாத்தான் உயிர். இஞ்ச ஓடினாத்தான் உயிர். புள்ளையளுக்கு அது எப்பிடித் தெரியும்?"

அடுத்த கிழமை சோஃபியின் தகப்பன் விடுமுறையில் வந்தான். அக்கா கேட்டுக்கொண்டபடி சாதாரணச் சட்டையோடு படிக்கட்டின் அடியில் நின்றான். மணியை அழுத்தியதும் சோஃபி, வாங்கோ வாங்கோ என்று பிரெஞ்சில் கத்திக்கொண்டு ஓடினாள். ஒருவரும் அசையவில்லை. அக்கா அந்தப் பருத்த உடம்போடு கட்டிலுக்குக் கீழே ஊர்ந்துபோய் ரமணனின் கையைப் பிடித்தார்.

"வா மனே, வெளியில என்ன நடக்குதெண்டு பாப்பம்."

பயத்தைப் போக்க அவர் முயலவே இல்லை. புதினம் பார்க்கக் கூப்பிட்டார், அவ்வளவுதான். அவன் வந்தான், பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். கடைசிப் படியில் தடுக்கியவனை அந்தச் சிப்பாய் தூக்கி வைத்துக்கொண்டான். ஒரு ஆமிக்காரன் கையில் என் பிள்ளை! ரமணனோ அந்த மனிதனின் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதிகாரி மறுபடி வந்து மணியை அழுத்தியபோது பிள்ளைகள் அவருக்கு முன்பே வீதியில் நின்றார்கள். அனுமதி கிடைத்தது. எங்கள் வேலையும் தப்பியது. அக்கா மட்டும் அந்த மாடிப்படிகளை நிமிர்ந்து பார்த்து, "இதுக்குத்தான் வெளியில கட்டியிருக்கிறாங்களோ?" என்றார்.

அது சரியான பதிலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் ஆபத்து என்றால் உள்ளே ஒளிகிற கால்களோடு இந்த நாட்டுக்கு வந்தவள் நான். அவற்றை வெளியே நடக்கப் பழக்கியவர் அவர். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அதுதான்.

அன்று காலை தொலைபேசியில், எங்கே நிற்கிறீர்கள், காற்றுச் சத்தம் கேட்கிறதே என்றாள் சோஃபி. வெளியே, படியில் என்றேன்.

"நானும் படியில்தான்" என்றாள்.