புழுமனையில் சத்தம் நின்ற காலை

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஒரு மார்கழிக் காலை, எட்டு மணி. பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்கு ஆலோசனை சொல்லும் களப்பணியாளனாக முனிராஜின் புழுமனைக்குப் போயிருந்தேன். வாசலில் அவர் மல்பெரித் தழைக் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார். குளிரில் புழு சரியாகத் தின்னாது என்பதால் உள்ளே கரி அடுப்பு வைப்பது அங்கே வழக்கம். ஜன்னல் இடுக்குகளில்கூடத் தார்ப்பாய் செருகியிருந்தது.

"கதவத் தொறக்காதீங்க சார், சூடு போயிடும். செல்வி உள்ளதான் இருக்கா" என்றார். செல்வி அவர் மனைவி.

ஆயிரக்கணக்கான புழுக்கள் தழை தின்னும் ஓசை, ஓட்டின்மேல் தூறல் விழுவதுபோல் வெளியே வரை வரும். கதவில் காது வைத்தேன். ஒன்றுமே கேட்கவில்லை.

"புழு தூங்குதுங்க. பாத்துக்கப் போனவளும் சேந்து தூங்கறா போல" என்று சிரித்தார்.

தோலுரிக்கும்போது புழு தின்னாமல் அசையாமல் இருக்கும். அதைத்தான் தூக்கம் என்பார்கள். வாழ்நாளில் நான்கு முறை.

"நாலாவது தூக்கம் முடிஞ்சு எத்தன நாளுங்க ஆச்சு?"

"மூணு நாளாச்சுங்களே."

சொன்ன பிறகுதான் அவர் முகம் மாறியது. நான்காவதற்குப் பின் தூக்கம் கிடையாது. கூடு கட்டும் வரை இரவு பகலாகத் தின்னும்.

கதவைத் தள்ளினோம். புகை இல்லை, நாற்றம் இல்லை. தழை பரப்பிய படுக்கைகளில் புழுக்கள் வெள்ளை வெள்ளையாகத் தழைமேல் தலை சாய்த்துக் கிடந்தன. அடுப்பருகே செல்வி சுவரில் சாய்ந்து, கண் பாதி திறந்தபடி உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டதற்குப் பதில் இல்லை.

சாம்பல் பூத்திருந்த கரி, எங்கள் பின்னால் நுழைந்த காற்றில் சிவக்கத் தொடங்கியது. யாரும் ஊதவில்லை. நாங்கள் அவரைத் தூக்குவதற்குள் அடுப்பு முழுதும் கனன்றுவிட்டது.

"ஏ செல்வி, கண்ணத் தொறடி!" வெளியே முனிராஜ் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். காற்றில் ஆக்சிஜன் குறைந்தால் கரி அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவை அதிகமாக விடும் என்றும், அதற்கு நிறமோ மணமோ கிடையாது என்றும் டாக்டர் முனிராஜிடம் சொன்னார்.

சாயங்காலம் செல்வி பேசினார்.

"நெருப்பு மங்கிட்டே வந்துச்சு சார். அதான் இன்னும் ரெண்டு கை கரி போட்டேன். அப்புறம் சுகமா இருந்துச்சு. எந்திரிக்கவே தோணல."

மூடிய அறையில் நெருப்பு மங்கினால் கரியைத் தேடாதீர்கள். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிடுங்கள்.