இரண்டாம் மெஷின்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு இது பத்தொன்பதாம் வருடம். ஈர விரிப்புகளை மெஷினிலிருந்து இழுத்து இழுத்துத் தோள்பட்டை இறங்கிவிட்டது. மாலையில் வீட்டுக்குப் போனால் செருப்பைக் கழற்றக் குனிவதே பெரும்பாடு.

அந்த மாதம் ஆண்கள் வார்டில் நோயாளிகளுக்கு முதுகெல்லாம் தடிப்பு. புதுச் சோப்புத்தூள்தான் காரணம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். அந்த வார்டு விரிப்புகளில் பாதியை மட்டும் மிச்சமிருந்த பழைய தூளில் துவைத்து, மூலையில் நீல நூல் தைத்து அனுப்பினாள். யார் யாருக்குத் தடிப்பு வருகிறதென்று வார்டு நர்ஸ் குறித்துவைத்தாள். ஐந்தாம் நாள் பார்த்தால், நீல நூல் விரிப்பில் படுத்தவர்களும் சொறிந்துகொண்டுதான் இருந்தார்கள்.

மேற்பார்வையாளர் அவளைப் பேசாமல் வேலையைப் பார்க்கச் சொன்னார். அவளுக்கும் விட்டுவிடலாம் போலத்தான் இருந்தது. ஆனால் ஒன்று உறுத்தியது. பெண்கள் வார்டுக்கும் அதே தூள்தான். அங்கே ஒருத்திக்கும் ஒன்றுமில்லை. அப்புறம்தான் உறைத்தது: பெண்கள் வார்டுத் துணி முதல் மெஷினில் போகிறது, ஆண்கள் வார்டுத் துணி இரண்டாவதில்.

எல்லாவற்றையும் முதல் மெஷினிலேயே போட்டாள். வேலை இரட்டிப்பானது. ஒரு வாரத்தில் தடிப்பு அடங்கியது. நர்ஸுக்குத் திருப்தியில்லை.

"தானாக்கூட நின்னிருக்கலாமேக்கா. வெயிலும் கொறஞ்சிருக்கு."

சரிதானே என்று பட்டது. நோயாளிகளை வைத்து மறுபடி சோதிக்க மனம் வரவில்லை. மேற்பார்வையாளரிடம் கேட்டு இரண்டு விரிப்புகளை வீட்டுக்கு எடுத்துப்போனாள். இரண்டாம் மெஷினில் துவைத்தது தனக்கு, முதல் மெஷினில் துவைத்தது கணவனுக்கு.

"நல்லதா பாத்து எனக்குக் குடுக்குற. என்ன திடீர்னு பாசம்?" என்றான் அவன்.

மூன்றாம் நாள் அவள் முதுகு தடித்தது. அவனுக்கு ஒன்றுமில்லை.

அதைச் சொன்ன பிறகுதான் மெக்கானிக்கை வரவழைத்தார்கள். அலசும் தண்ணீர் வரும் குழாயில் உப்புப் படிந்து முக்கால்வாசி அடைத்திருந்தது. எந்தத் தூள் போட்டாலும் சரியாக அலசிப் போகாமல், பாதித் தூள் துணியிலேயே தங்கியிருக்கிறது. பதிவேட்டில் 'வழக்கமான பராமரிப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் மேற்பார்வையாளர். புதுக் குழாய் வர மூன்று வாரம் ஆகுமாம்.

நர்ஸ் அவள் முதுகில் மருந்து தடவிக்கொண்டே கேட்டாள்: "உங்க பேரையும் அதுல எழுதச் சொல்லவாக்கா?"

"பேரு கெடக்கட்டும். நாளைக்கு ஒரு நாள் லீவு கெடைக்குமான்னு கேட்டுச் சொல்லும்மா."

கிடைக்கவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு, இரண்டு வார்டுத் துணியையும் ஒரே மெஷினில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள்.