பளபளவென்று இருந்த லென்ஸ்

என் புது கேமராவில் மாட்ட, கையால் ஃபோகஸ் செய்யும் பழைய ஜூம் லென்ஸ் ஒன்று தேடி, வெள்ளானூரில் கல்யாண போட்டோ எடுக்கும் செல்வி அக்கா வீட்டுக்குப் போனேன். மேஜையில் இரண்டு லென்ஸ் வைத்தார். ஒன்றின் மேலெல்லாம் கீறல். இன்னொன்று பளபளவென்று இருந்தது. லென்ஸ் பற்றி எனக்குத் தெரியாததா? பளபளப்பானதை எடுத்து, "இதுவே போதும்க்கா" என்றேன்.

"அவசரப்படாத தம்பி, உள்ள டார்ச் அடிச்சுப் பாரு. பூஞ்சை கீது. கீறல் உளுந்தது மேலதான் அப்டி, கண்ணாடி சுத்தமா கீது."

அவர் பேசாமல் இருந்திருந்தால் அது விற்றிருக்கும். எனக்கு முகம் சுருங்கிப்போனது. போன வாரம்தான், ஷட்டர் அடிக்கடி சிக்கும் என் பழைய கேமராவை, அதைச் சொல்லாமலே அம்பத்தூரில் ஒரு கல்லூரி மாணவிக்கு விற்றிருந்தேன்.

கீறல் லென்ஸை வாங்கிக்கொண்டு தெருவுக்கு வந்ததும் அந்தப் பெண்ணுக்கு போன் செய்தேன். உண்மையைச் சொல்லி, கேமராவைத் திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொன்னேன்.

"நான்தான் எதையோ தப்பா அமுக்கிக் கெடுத்துட்டேன்னு பயந்துட்டே இருந்தேன் சார்" என்றாள்.

இப்போதெல்லாம் எதை விற்றாலும் குறையைத்தான் முதலில் சொல்கிறேன். அதற்கப்புறம் விலை பேச எனக்குத் தயக்கமே வருவதில்லை.