இடது கைக்குக் கட்டு

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துபோன வருஷம் நாங்கள் கிழக்கேகோட்டை அக்கிரகாரத்தில் இருந்தோம். "அந்தக் கை இனி வராது, கேட்டோ. இடது கையால எல்லாம் பழகிக்கட்டும்," என்று சொல்லிவிட்டு மலையாளி டாக்டர் போய்விட்டார்.

யாராவது ஊட்டப் போனால் அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒருநாள் தானாகவே இடது கையால் சோற்றை அள்ளினார். அம்மா தட்டை வெடுக்கென்று இழுத்தாள்.

"பீச்சாங்கையால சாதத்தைத் தொடப்படாது."

மறுநாள் முதல் சாப்பிடும் நேரத்தில் அவருடைய இடது கையை ஈரிழைத் துண்டால் இடுப்போடு சேர்த்துக் கட்டினாள். வலது கையைத் தூக்கித் தயிர்சாதத்தில் வைப்பாள். அது வைத்த இடத்திலேயே கிடக்கும். அப்பா அதையே முறைத்துக்கொண்டிருப்பார். வேர்த்துக் கொட்டும். கடைசியில் பசி தாங்காமல் அம்மா ஊட்டும் இரண்டு வாயை மட்டும் வாங்கிக்கொள்வார். வாரக்கணக்கில் இதுதான். பிறகு விரல்கள் அசைந்தன, ஆனால் சோறு வாய்க்குப் போகுமுன் மடியில் சிந்தியது. பசியில் அவர் அழுதார்.

"ஆசாரத்துக்காக ஆளைக் கொல்லப் போறே," என்று அம்மாவிடம் கத்தினேன். அவள் சிந்தியதைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நல்ல கையைக் கட்டிப்போட்டால், விழுந்த கையை அசைக்க மூளை தனக்கு வேறு வழி தேடிக்கொள்ளும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது.

ஒரு மத்தியானம் அவள் துண்டோடு குனிந்தபோது அப்பா அவள் மணிக்கட்டை இறுகப் பற்றினார். கண்ணாடி வளையல் நொறுங்கி ரத்தம் வந்தது. விடுவிக்க ஓடிய நான் அப்போதுதான் பார்த்தேன், பிடித்திருந்தது வலது கை.

அம்மா என்னைத் தள்ளிவிட்டாள்.

"விட்டுடாதீங்கோ," என்றாள் அவரிடம். "இன்னும் இறுக்கிப் பிடிங்கோ."