வீரபாண்டி போகுமா?

முத்துப்பேச்சிக்கு எழுத்து தெரியாது. கோவில்பட்டிப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள், அதை யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. எதையாவது வாசிக்க நேர்ந்தால், கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லிவிடுவாள். அவளிடம் கண்ணாடியே கிடையாது.

2004 மாசியில் தனியாகத் திருப்பூர் வந்தாள். மகள் வேல்விழிக்கு வீரபாண்டியில் பனியன் கம்பெனி வேலை. மாதம் ஒரு கடிதம் வரும். பலசரக்குக் கடைக்காரர் வாசித்துக் காட்டுவார். கொஞ்ச நாளாக நலம் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. அதுதான் உறுத்தியது.

புது பஸ் ஸ்டாண்டில் ஒருவனிடம் கேட்டாள். "தம்பி, கண்ணாடிய மறந்துட்டேன். வீரபாண்டி வண்டி எதுப்பா?" அவன் போகிற போக்கில் கை காட்டினான். ஏறினாள். நெரிசலில் கண்டக்டர் வந்து சேர்வதற்குள் மூன்று நிறுத்தம் கடந்துவிட்டது.

"இது அவிநாசி வண்டிங்கம்மா. போர்டு பாக்கலீங்களா?"

பஸ்ஸே திரும்பிப் பார்ப்பது போலிருந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கினாள்.

எதிர்ப்புற நிறுத்தத்தில் நஞ்சம்மாள் என்றொருத்தி சாப்பாட்டுப் பையோடு நின்றிருந்தாள். முத்துப்பேச்சி கண்ணாடிக் கதையைத் தொடங்கியதுமே அவள் சொன்னாள்:

"எனக்கும் படிக்கத் தெரியாதுங்க. ஏறறதுக்கு முன்னால கண்டக்டரத்தான் கேப்பேன். திட்டுனாத் திட்டட்டும். ஊடு போய்ச் சேரோணுமில்லீங்க?"

அந்த 'எனக்கும்' முதலில் சுட்டது. பிறகு, என்னவோ, லேசாக இருந்தது.

அடுத்த பஸ் வந்தது. முத்துப்பேச்சி படியருகே போனாள். "வீரபாண்டி போகுமாய்யா? எனக்கு வாசிக்கத் தெரியாது."

"பழைய பஸ் ஸ்டாண்டுல மாறிக்கலாம், ஏறுங்க" என்றார் கண்டக்டர். யாரும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் வேலை விட்டு வந்த வேல்விழி, வாசலில் அம்மாவைக் கண்டு திகைத்தாள்.

"லெட்டர்ல ஏன்டி ஒண்ணுமே எழுதல?"

"கடைக்காரர்தானம்மா வாசிக்காரு. எழுதினா ஊருக்கே தெரிஞ்சிரும்." உலை வைத்துவிட்டு, கூட வேலை பார்த்த அருண்பாண்டியைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுவதைச் சொன்னாள். இப்போது அவன் நல்லூரில் வேறு கம்பெனியில் இருந்தான்.

முத்துப்பேச்சி அன்று சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. மறுநாள் மகள் வேலைக்குப் போனதும் கிளம்பினாள். மூன்று பஸ்களை விட்டுவிட்டு, நாலாவது கண்டக்டர் "நல்லூர் போகும்" என்ற பிறகு ஏறினாள். மதியச் சாப்பாட்டு வேளையில் கம்பெனி வாசலில் பேர் சொல்லி அவனை வரவழைத்து, தாய் தகப்பனிலிருந்து எல்லாம் விசாரித்தாள்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டில் சிலருக்கு மட்டும் ஒரு குறை: பெண்ணைப் பெற்றவள் தன்னந்தனியாகப் போய்ப் பையனைப் பார்த்தது முறையில்லையாம்.